பதினோரு மாதம் திறந்திருந்த சன்னல்

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் ஒன்பது முறை அடித்தேன். அதனால் கடிதம். கையால் எழுதி வருடக்கணக்காகிறது. எழுத்து கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்கவில்லை. அம்மாவின் நோட்டு எனக்கு வேண்டும். நீல அட்டை போட்டது, மேல் அறையில் கருவிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பென்சிலும் அதோடு கட்டியிருக்கும். நான் வந்தபோது ஆணி மட்டும்தான் இருந்தது. நீ எடுத்து வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று மறுபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி காற்றில் இருக்கும் துகள்களை எண்ணுகிறது. விமானப் புகையா, அடுப்புப் புகையா என்ற பேதம் அதற்குக் கிடையாது, வருவதையெல்லாம் எண்ணும். அதனால்தான் அடுப்பு மூட்டிய நேரம், அணைத்த நேரம், சன்னல் திறந்ததா மூடியதா என்று அம்மாவை எழுதி வைக்கச் சொன்னேன். அடுப்பு எரிந்த நிமிடங்களை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது விமானத்தினுடையது. நோட்டு இல்லாவிட்டால் எதை வெட்டுவது, எதை வைப்பது என்று தெரியாது. பதினோரு மாதமும் குப்பைக்குத்தான் போகும்.

நம் தெருவுக்கு மேலே விமானம் இறங்கும் பாதையை மாற்றலாமா என்று முடிவு செய்கிறவர்கள் மே கடைசியில் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். பாதைக்கு நேர் கீழே நாங்கள் அளந்தது மூன்று வீடுகள். பல் வைத்தியர் வீடு, பந்தல்காரர் வீடு, நம் வீடு.

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும். கடைசியில் வந்துவிட்டது.

உன் தம்பி


ஏப்ரல் 5

சின்னவனுக்கு,

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். கண்ணாடிக் கடைக்குப் போகிறேன். எல்லாம் ஒப்புக்கு நடக்கிறது. நேற்று ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டவள், ஒரு கட்டத்தில் அவர் பதில் சொல்லியும் கேட்காமல் நின்றிருக்கிறேன். "அம்மா, முதல்ல போட்டதே போதும், விடுங்க" என்று அவரே எழுந்துவிட்டார். அழுகிறாயா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். எனக்கே அது அசிங்கமாக இருக்கிறது. பல் வைத்தியர் வீட்டில் பல்லுக்கு ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது உடம்பு முழுக்க.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன்.

ஏன் என்று உனக்கு நிஜமாகவே தெரியாதா? அம்மாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உன்னைக் காணோம். எங்காவது தனியாக அழுகிறான் போல, விடுவோம் என்று இருந்தேன். பிறகு மனசு கேட்காமல் மேலே வந்து பார்த்தால், நீ முட்டி போட்டு உட்கார்ந்து அந்த இயந்திரத்துக்குப் புட்டி மாற்றிக்கொண்டிருக்கிறாய். அழுகின பழமும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை அறை முழுக்க. என்னைப் பார்த்ததும் என்ன கேட்டாய்? "அக்கா, நோட்டு எங்க?"

அப்போது உன்னை வெளியே போகச் சொன்னதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

அம்மா அந்த இயந்திரத்துக்கு "மாப்பிள்ளை" என்று பேர் வைத்திருந்தாள், தெரியுமா உனக்கு? மூலையில் உட்கார்ந்திருக்கும், ஒரு வேலையும் செய்யாது, வாரம் தவறாமல் ஊற்றிக் கொடுக்க வேண்டும், ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது என்பாள். தெருவில் எல்லாரிடமும் "என் பையன் வச்சது" என்பாள். பந்தல்காரர் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன தெரியும்?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நமக்குக் காட்டாது, அவனுக்குத்தான் சொல்லும்" என்றாளாம் பெருமையாக.

அது ஏன் நமக்குக் காட்டாது? அதன் முகத்தில் நீ ஒட்டிய கறுப்பு டேப்பைப் போன ஞாயிறு சாயங்காலம் பிய்த்து எறிந்துவிட்டேன். ஆறரை மணி, ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே "வெளி" என்று போட்டு 71,200. கீழே "அறை" என்று போட்டு 58,900. இது நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. கடையில் எனக்கும் அளவெடுப்பதுதான் வேலை. கால் பவர் கூடிப்போனால் மறுநாளே தலைவலி என்று திரும்பி வந்துவிடுவார்கள். உன் அளவு தப்பாகப் போனால் திரும்பி வர முடியாது போலிருக்கிறது.

அந்த எண் என்ன என்று சொல். உனக்கு அது முன்பே தெரியுமா என்றும் சொல். அப்புறம் நோட்டைப் பற்றிப் பேசலாம்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

தெரியும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மென்று முழுங்கிவிடுவேன்.

ஒரு சர்க்கரைக் கட்டி அளவு காற்றை எடுத்துக்கொள். அதில் எத்தனை துகள் என்பதுதான் அந்த எண். கண்ணுக்குத் தெரியாத பொடி, அப்படியே எண்ண முடியாது. அதனால் ஒரு திரவத்தின் ஆவியில் நனைத்துப் பெரிதாக்கி எண்ணுகிறோம். அந்தப் புட்டி அதற்குத்தான். மரங்கள் இருக்கிற, வண்டி போகாத இடத்தில் நான்காயிரம், ஐந்தாயிரம் வரும். வண்டிகள் போகும் தெருவில் இருபதாயிரம் வரை பார்த்திருக்கிறேன். நம் வீட்டில் சாயங்காலம் இறங்கும் விமானங்கள் வரிசை கட்டும் நேரத்தில் நீ பார்த்ததுதான் வரும். காற்று திசை மாறும் நாட்களில் விமானங்கள் மறு முனையிலிருந்து இறங்கும். அன்றைக்கு மட்டும் ஏழாயிரத்துக்கு இறங்கிவிடும்.

டேப் ஒட்டியது விதி. மூன்று வீட்டிலும் ஒட்டினேன். அறிக்கை வெளிவரும் வரை எண்ணை வீட்டுக்காரர்களுக்குக் காட்டக் கூடாது. காட்டினால் பயந்துபோய்ச் சன்னலை மூடுவார்கள், அறையை மாற்றுவார்கள், ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு அது வழக்கமான வீடாக இருக்காது. எல்லாரும் எப்படி வாழ்கிறார்களோ அதைத்தான் அளக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் அடிப்படை. விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதனால் அடுத்தவர் மேல் பழி போட வழியில்லை.

தினமும் காலையில் அம்மாவின் அறை என் திரையில் ஒரு கோடாக வரும். "மூன்றாம் வீடு" என்று பேர். பதினோரு மாதம் பார்த்தேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. வாரா வாரம் போனில் பேசினேன். "உடம்பு எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கு ஊத்தியாச்சா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். பேர் எனக்கும் தெரியும் அக்கா.

அம்மாவின் நெஞ்சுவலிக்கு அந்தக் காற்றுதான் காரணமா என்று நீ கேட்பாய். சொல்ல முடியாது. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், இந்தக் காற்றில் இருந்தவர்களில் இத்தனை பேருக்குக் கூடுதலாக வந்தது என்று சொல்லலாம். ஒருத்தரைக் காட்டி இவருக்கு இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். தப்பிக்கவும் அது வசதியாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். சன்னலை மூடியிருந்தால் அறைக்குள் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கும். ஆனால் அம்மாதான் எப்போதும் சன்னலைத் திறந்தே வைத்திருப்பவள் ஆயிற்றே. நான் டேப்பைப் பிய்த்து எண்ணைக் காட்டியிருந்தாலும், "போடா, எனக்குக் காத்து வேணும்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

நோட்டை அனுப்பு. இங்கே நான் இருப்பது இன்னொரு ஓடுதளத்துக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர அறை. வேலி ஓரம் என்று போட்டாலே தபால்காரர் கொண்டுவந்து தருகிறார்.

தம்பி


ஏப்ரல் 16

எப்போதும் என்று யார் சொன்னது உனக்கு?

அம்மா சன்னலைத் திறந்து வைக்கிற ஆள் இல்லை. நீ வீட்டை விட்டுப் போய் பதினான்கு வருடம் ஆகிறது, உனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் ஆறு அடித்தால் போதும், மேல் அறைச் சன்னல் இரண்டையும் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். விமான இரைச்சல் அவளுக்கு ஆகவே ஆகாது. சாத்தினாலும் காதில் பஞ்சை வைத்துக்கொள்வாள். வருடக்கணக்காக அப்படித்தான்.

உன் மாப்பிள்ளை வந்த பிறகுதான் திறந்தாள். நான் கேட்டேன். "வயசாயிடுச்சு, காத்து வேணும்போல இருக்கு" என்றாள்.

ஏன் திறந்தாள் என்று நீ சொல்.


ஏப்ரல் 21

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். எனக்கு நினைவு வந்ததை வந்த மாதிரியே எழுதுகிறேன்.

கருவியை வைக்க வந்தது போன வருடம் ஏப்ரல் இரண்டாம் வாரம். மதியம். வெயில் கொளுத்தியது. குழாயை வெளியே விட வேண்டும் என்று வந்தவுடன் சன்னலை நான்தான் திறந்தேன். வேலை முடியும்போது ஐந்து மணி இருக்கும். அன்றே திரும்பிவிட வேண்டும், கீழே ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வீட்டில் எத்தனை பேர், எந்த அடுப்பு, யாராவது புகை பிடிப்பார்களா, மாலையில் சன்னல் திறந்திருக்குமா மூடியிருக்குமா. அம்மா கட்டிலில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சன்னல் எப்பவும் தொறந்துதானேம்மா இருக்கும்?"

நான் கேட்டது இப்படித்தான். பதிலை நானே சேர்த்துக் கேட்டேன். சொல்லிக்கொடுத்துக் கேட்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். பந்தல்காரர் வீட்டில் அப்படிக் கேட்கவில்லை, பல் வைத்தியரிடமும் கேட்கவில்லை. அங்கே படிவத்தில் இருப்பதை அப்படியே படித்தேன். நம் வீடு என்பதால் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

அம்மா "ம்" என்றாள். "ஆமாம்" என்றுகூட இல்லை. நான் "வழக்கம்: திறந்திருக்கும்" என்று எழுதினேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னேன். "அம்மா, இதுல எழுதின மாதிரியே இருக்கணும். ஏதாவது மாத்திட்டா ஒரு வருஷ வேலையும் போச்சு, உன் பையன் தெருவுலதான் நிக்கணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மாவும் சிரித்தாள்.

அதற்காகத்தான் திறந்து வைத்திருந்தாளா என்று எனக்குத் தெரியாது. நோட்டில் ஏதாவது இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதை இப்போது அறிக்கைக்காகக் கேட்கவில்லை. நீயே படித்துப் பார். இருப்பதைச் சொன்னால் போதும்.

தம்பி


மே 2

சின்னவனுக்கு,

நோட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். அசல் உனக்கு. நகல் எனக்கு. கடைக்கு ஐந்து நாள் லீவு போட்டு முழுவதையும் கையால் எழுதி எடுத்துக்கொண்டேன். கடையில் அதைப் படமெடுத்துத் தரும் இயந்திரம் இருக்கிறது. இருந்தும் கையாலேயே எழுதினேன். வேறு வேலை எதையும் கை செய்ய மாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் அடுப்புதான். "5.50 அடுப்பு. 6.05 அணைத்தேன்." "12.10 அடுப்பு. 12.55 அணைத்தேன்." பக்கம் பக்கமாக இதேதான். நீ சொன்ன வேலையை ஒரு நாள் விடாமல் செய்திருக்கிறாள். நடுநடுவே உனக்குத் தேவையில்லாததும் இருக்கிறது. "மாப்பிள்ளை கொர் கொர் என்றது, தட்டினேன், சரியாயிற்று." "பந்தல்காரர் வீட்டில் இலை கொளுத்துகிறார்கள், சொல்லியும் கேட்கவில்லை, நேரம் 4.20." "பெரியவள் இன்று நேரத்தோடு வந்தாள்." இந்தக் கடைசி வரி பதினோரு மாதத்தில் மூன்று தடவைதான் வருகிறது.

சன்னலைப் பற்றி இருப்பதை மட்டும் தனியாக எழுதுகிறேன். நீயே பார்ப்பாய், இருந்தாலும் என் கையாலும் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 19: "6.00 சன்னலைச் சாத்தினேன். 6.02 ஞாபகம் வந்து திறந்தேன். இந்த இரண்டு நிமிடத்தால் கெட்டுப்போகுமா, சின்னவனைக் கேட்க வேண்டும்."

கேட்டாளா?

மே 7: "சத்தம் தாங்கவில்லை. பஞ்சு வைத்துக்கொண்டேன். சன்னல் திறந்தபடி."

ஆகஸ்டு 30: "மழைச் சாரல். கட்டிலைத் தள்ளிப் போட்டேன். சன்னல் திறந்தபடி."

டிசம்பர் 22: "குளிர். இரண்டு போர்வை. சாத்த ஆசை. சாத்தவில்லை. எழுதினபடி இருக்க வேண்டும்."

பிப்ரவரி 11: "மூச்சு கொஞ்சம் முட்டுகிறது. பெரியவளிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள், வீட்டில் இல்லாத நாளை எப்படி எழுதுவது. ஏப்ரலோடு முடிகிறது."

மார்ச் 3: "5.45 அடுப்பு. 6.00 அணைத்தேன். சன்னல் திறந்தபடி." அதுதான் கடைசி நாள். மதியம், சாயங்காலம் எல்லாம் எழுதியிருக்கிறாள், எல்லாம் அடுப்புதான்.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். உனக்காகக் கிழிக்கவில்லை. நான் தினமும் எட்டு மணிக்குக் கடையிலிருந்து வந்து தெருமுனையில் நிமிர்ந்து பார்ப்பேன். மேல் அறையில் விளக்கு எரிந்தால் அம்மா விழித்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த வெளிச்சம் வந்ததே திறந்திருந்த சன்னல் வழியாகத்தான். பதினோரு மாதம் பார்த்தேன். ஒரு முறை கேட்டேன், அவள் காற்று வேண்டும் என்றாள், சரி என்று விட்டுவிட்டேன். காற்று வேண்டும் என்கிற ஆள் எதற்குக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குச் சாப்பாடு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, "என்னம்மா, காதுல பஞ்சோட?" என்று கத்திக் கேட்டு சிரித்துவிட்டுக் கீழே வந்திருக்கிறேன். நீ பத்து மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தாய். நான் பதினெட்டுப் படிக்குக் கீழே இருந்தேன்.

எழுதி முடித்த பிறகும் அழுகை வரவில்லை. கை மட்டும் வலிக்கிறது.

அக்கா


மே 9

அக்கா,

நோட்டு வந்து சேர்ந்தது.

இரண்டு நிமிடத்தைப் பற்றி அம்மா கேட்டாள். போன வருடம் போனில். "ரெண்டு நிமிஷமெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, ஆனா பாத்துக்கோ" என்றேன். எந்த இரண்டு நிமிடம் என்று நான் கேட்கவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. காலையில் அம்மா அடுப்பு மூட்டினால் புகை படியேறி மேல் அறைக்கு வந்து என் திரையில் ஒரு சின்ன மேடாகத் தெரியும். ஆறு மணி வாக்கில். அதைப் பார்த்தால் அம்மா எழுந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன். வெட்ட வேண்டிய மேடுதான், ஆனாலும் பார்ப்பேன். மார்ச் 4 காலையில் அந்த மேடு வரவில்லை. 6.40-க்கு நான் வேலைக் குறிப்பில், "மூன்றாம் வீடு, அறைக்குழாய் அடைப்பு இருக்கலாம், சரிபார்க்க" என்று எழுதினேன். நீ 7.15-க்குப் போன் செய்தாய்.

குழாய் அடைத்திருக்கிறது என்று நினைத்தேன் அக்கா. அன்றைக்கு ஏறின பஸ்ஸில் எனக்கு நினைவு இருப்பது அது மட்டும்தான். வீட்டுக்கு வந்து புட்டியை மாற்றியதுகூட அதனால்தான் என்று நினைக்கிறேன். குழாயை ஊதிப் பார்த்தேன். அடைப்பு இல்லை.

தம்பி


மே 27

அக்கா,

அறிக்கை போய்விட்டது. நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் கோப்பில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பக்கத்தில் ஒரு குறி எண் போட வேண்டும். 0 என்றால் சரியான அளவு. 3 என்றால் அடுப்பு. 5 என்றால் கருவிக் கோளாறு. 9 என்றால் தள்ளுபடி. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவின் அடுப்பு நிமிடங்களுக்கு 3 போட்டுக்கொண்டே வந்தேன். பத்து நாள் ஆயிற்று. அம்மா அடுப்பை அணைத்த நேரமும் என் கோடு இறங்குகிற நேரமும் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. பல் வைத்தியர் வீட்டு நோட்டில் பாதிப் பக்கம் காலி. பந்தல்காரர் வாரக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகக் கற்பனை பண்ணி எழுதியிருக்கிறார், பார்த்தாலே தெரிகிறது. மூன்று வீட்டில் ஒழுங்கான கணக்கு நம் வீட்டுடையதுதான்.

மாலை நேரத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. வெளிக்குழாய் எண்களில் பிரச்சினை இல்லை. சன்னல் திறந்தால் என்ன, மூடினால் என்ன, தெருக் காற்று தெருக் காற்றுதான். அறைக்குழாய்தான் சிக்கல். அந்தச் சன்னல் திறந்திருந்தது உண்மை. எண்ணும் உண்மை. அது வழக்கம் என்று நான் எழுதியதுதான் பொய். 0 போட்டால், இந்தப் பாதைக்குக் கீழே இருக்கிறவர்கள் வழக்கமாக இவ்வளவு சுவாசிக்கிறார்கள் என்று ஆகிவிடும். 9 போட்டால், அம்மா இரண்டு போர்வையோடு உட்கார்ந்திருந்த அத்தனை மாலையும் தள்ளுபடி.

எங்கள் தலைமைப் பொறியாளர் நல்ல மனிதர்தான். கூப்பிட்டுச் சொன்னார், "0 போட்டுட்டு விடுப்பா. அவங்க விருப்பப்பட்டுத் தொறந்து வச்சாங்கன்னு எடுத்துக்கலாம். உங்க வீட்டு நம்பர் இருந்தாத்தான் அறிக்கைக்கே ஒரு பலம். உங்க தெருவுக்குத்தானே நல்லது?" தெருவுக்கு நல்லதுதான். அதுதான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது.

கடைசியில் பட்டியலில் இல்லாத ஒரு எண்ணைச் சேர்த்தேன். 7. அடிக்குறிப்பில் இப்படி எழுதினேன்: "வீட்டுக்காரரின் வழக்கம் அன்று. அளப்பவர் படிவத்தைத் தவறாக நிரப்பியதால், அவருடைய வேலை கெடக் கூடாது என்று வீட்டுக்காரர் பதினோரு மாதம் சன்னலைத் திறந்து வைத்திருந்தார்." கீழே என் கையெழுத்து. மூன்றாம் வீடு "வழக்கமான வீடுகள்" பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டது. அதற்குத் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது.

படிவத்தைத் தவறாக நிரப்பியவன் மற்ற வீடுகளிலும் அப்படி நிரப்பியிருப்பானே என்று மேலே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விசாரித்து முடிக்கும் வரை கோப்புகளைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேலி ஓரத்தில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பாதையை மாற்றுவார்களா என்பது இன்னும் தெரியாது. என் குறிப்பால் அது தள்ளிப்போனால் தெருவில் யார் முகத்திலும் நான் விழிக்க முடியாது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. 7 போடும்போது மட்டும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகப் போட்டேன். மொத்தமாக நிரப்ப ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தவில்லை.

கருவியை எடுக்க ஜூன் நடுவில் வண்டி வரும். நீ கதவைத் திறந்துவிட்டால் போதும். நான் வர மாட்டேன், பயப்படாதே.

தம்பி


ஜூன் 6

சின்னவனுக்கு,

வண்டியை அனுப்பாதே.

உன் கடிதத்தைக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பல் வைத்தியர் மூக்குக் கண்ணாடிக்கு ஆணி முடுக்க வந்தார். நோட்டில் பாதிப் பக்கம் காலியாமே என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார். தெருவில் எல்லாரிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன், அறிக்கையில் நம் வீட்டுக்குத் தனிப் பக்கம், காரணம் இதுதான் என்று. பந்தல்காரர் மனைவி உச்சுக் கொட்டிவிட்டு, "உன் தம்பி கொஞ்சம் பொய் சொல்லியிருந்தா நமக்கு நிம்மதி" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அம்மா டிசம்பர் குளிரில் ஆசைக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, திறந்தபடி என்று நோட்டில் எழுதியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருக்கலாம். அவள் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இதில் எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். உன்னைத் தலைமுழுகவும் முடியவில்லை.

சன்னலை மூடியிருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கும் என்று எழுதினாய். அது நீ போட்ட கணக்கு. வேறு எங்கோ யார் வீட்டிலோ அளந்ததை வைத்துச் சொல்வது. எனக்கு அது வேண்டாம். அம்மாவின் அறையில், அம்மாவின் சன்னலைச் சாத்தி, எவ்வளவு என்று அளந்து சொல். அவள் தன் பாட்டுக்கு இருந்திருந்தால் எவ்வளவு சுவாசித்திருப்பாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதே. உன் மேலதிகாரிகளிடம் கேட்டு இயந்திரத்தை இங்கேயே விடச் சொல். அவர்கள் கேள்விக்கு இதுவே ஒரு பதிலாகவும் இருக்கும்.

புது நோட்டு வாங்கி அதே ஆணியில் மாட்டிவிட்டேன். டேப்பைத் திரும்ப ஒட்டவில்லை, அந்த விதி இந்த வீட்டில் செல்லாது. கடைக்காரரிடம் சொல்லி ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறேன். நான்கு நாளாக எழுதியிருப்பதை அப்படியே அனுப்புகிறேன்.

ஜூன் 2. 6.00 சன்னல் சாத்தினேன். 6.30 விமானம் இறங்கும்போது வெளி 68,400, அறை 21,700.

ஜூன் 3. 6.00 சாத்தினேன். 7.20 அடுப்பு. 7.45 அணைத்தேன்.

ஜூன் 4. காற்று மறுபக்கம். விமானம் இல்லை. இருந்தாலும் 6.00 சாத்தினேன்.

ஜூன் 5. 6.00 சாத்தினேன். கொக்கி இறுகிப்போயிருந்தது, எண்ணெய் போட்டேன். 6.04 கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. 6.11 வரை. கதவு, அடுப்பு எதையும் தொடவில்லை.

அந்த ஏழு நிமிடத்துக்கு என்ன குறி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, நீ பார்த்துப் போட்டுக்கொள்.

புட்டி வியாழனோடு தீர்ந்துவிடும். இத்தனை வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நானே ஊற்றினேன், அந்த வாசனை எனக்கு ஆகாது. வந்து மாற்று.

அக்கா